பலியின் தோல் யாருக்கு?

(ஆம்பூரில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘ஊழியரையும் விசுவாசிகளையும் போஷிக்கிற தேவன்’ என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் வழக்கமாக மன்னாவில் தொடங்குவார்கள். இல்லையென்றால் ஆகாயத்துப் பறவைகளில் தொடங்குவார்கள். ஆம்பூரில் நின்று பேசுவதால் நான் லேவியராகமம் 7ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தில் தொடங்குகிறேன். இந்த வசனத்தை வைத்து ஒருவர் பிரசங்கம் செய்து நான் இதுவரை கேட்டதில்லை.

சர்வாங்க தகனபலி என்றால் மிருகம் முழுவதும் பலிபீடத்தில் எரிந்துபோக வேண்டும். சமாதான பலியில் மார்க்கண்டமும் வலது முன்னந்தொடையும் ஆசாரியனுக்கு உண்டு. போஜன பலியில் ஒரு பிடி மாவு மட்டும் அக்கினிக்குப் போகும், மீதி ஆரோன் வீட்டாருக்கு. தகனபலியில் அப்படி எதுவும் மிஞ்சாது. அன்றைக்கு முழுவதும் பலிபீடத்தருகே நின்று புகை குடித்தவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதானா? நியாயப்பிரமாணம் அதையும் யோசித்திருக்கிறது. உரித்தெடுத்த தோல் பலியைச் செலுத்திய ஆசாரியனுக்குச் சேர வேண்டும் என்று அந்த வசனம் வகுத்து வைக்கிறது.

தோல் என்றால் பணம் என்பதை வேறு ஊர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். உங்களுக்கு வேண்டியதில்லை. உப்புப் போட்டு அடுக்கிய பச்சைத் தோலின் வாசனையோடு வளர்ந்தவர்கள் நீங்கள். பக்ரீத் நாளில் குர்பானி கொடுத்த ஆட்டின் தோலை மதரசாவுக்கும் அநாதை இல்லத்துக்கும் கொடுத்தனுப்புகிற வழக்கத்தைப் பக்கத்து வீட்டில் பார்த்து வளர்ந்தவர்கள். அந்தத் தோலை விற்றுச் சொந்தச் செலவுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது, உரித்தவருக்குக் கூலியாகவும் கொடுக்கக் கூடாது என்று இஸ்லாமிய மார்க்கம் சொல்கிறது. பலியாட்டின் தோல் கடவுள் காரியத்துக்கும் ஏழைக்கும் உரியது என்ற எண்ணம் இந்தப் பாலாற்றங்கரையில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

இன்னும் பின்னால் போனால் ஆதியாகமம் 3ஆம் அதிகாரத்தில், ஏதேனை விட்டு வெளியேறப்போகும் ஆதாமுக்கும் ஏவாளுக்கும் கடவுள் தாமே தோலால் உடை செய்து உடுத்துகிறார். தண்டனை சொல்லியாயிற்று, வாசல் அடைபடப் போகிறது. அதற்கு முன்னால் அவர் செய்த காரியம் அது. உபாகமம் 29ஆம் அதிகாரத்தில், நாற்பது வருட வனாந்தர நடையில் ஜனங்களின் காலிலிருந்த பாதரட்சைகள் பழசாய்ப் போகவில்லை என்று மோசே நினைவுபடுத்துகிறார். உடுப்பு, செருப்பு, மாவு, எண்ணெய் என்று கையில் பிடிக்கக்கூடிய பொருள்களாகவே வேதத்தில் கடவுளின் பராமரிப்பு வருகிறது. அதைக் கொண்டுவந்து சேர்க்கிற கையையும் வேதம் பெரும்பாலும் சேர்த்தே காட்டிவிடுகிறது. அந்தக் கைகளைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

எலியாவின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1 இராஜாக்கள் 17. கேரீத் ஆற்றண்டையில் காகங்கள் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தன. ஆனால் மழையில்லாமல் ஆறு வற்றிப்போயிற்று. பிறகு கடவுள் தீர்க்கதரிசியை எங்கே அனுப்பினார்? சீதோன் நாட்டுச் சாறிபாத்தில், இஸ்ரவேலைச் சேராத ஒரு விதவையிடம். அவள் பானையில் இருந்தது ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். எலியா தனக்கு முதலில் ஒரு சிறிய அடை செய்து தரச் சொல்கிறார். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, ‘ஊழியக்காரனுக்கு முதலில் கொடு, உனக்குப் பெருகும்’ என்று இன்று எத்தனையோ மேடைகளில் கேட்கிறார்கள். அவர்கள் அதிகாரத்தை முடிவுவரை வாசிப்பதில்லை. அவளும் அவரும் அவள் வீட்டாரும் அநேக நாள் சாப்பிட்டார்கள் என்று அடுத்தே வருகிறது. ஒரே பானை, ஒரே பந்தி. பிறகு அந்த வீட்டுப் பிள்ளை நோயில் விழுந்து மூச்சு நின்றபோது, எலியா அந்தப் பிள்ளையைத் தாயின் மடியிலிருந்து எடுத்து, மேல்வீட்டுக்குச் சுமந்துகொண்டு போய், கடவுளோடு வழக்காடுகிறார். அந்த வீட்டுச் சோற்றைத் தின்றவர் அந்த வீட்டுத் துக்கத்தையும் தூக்கினார்.

லேவியருக்கு நிலம் கிடையாது. கானானைப் பங்கிட்டபோது மற்றக் கோத்திரங்கள் வயலும் தோப்பும் வாங்கின. லேவிக்குக் கிடைத்தவை குடியிருக்க 48 பட்டணங்களும் அவற்றைச் சுற்றிய மேய்ச்சல் வெளியும்தான். அதற்கு ஈடாகத் தசமபாகம். அந்தத் தசமபாகத்திலிருந்து லேவியர் தாமும் பத்தில் ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று எண்ணாகமம் 18 சொல்கிறது. வாங்குகிறவரும் கொடுக்கிறவர்தான், காணிக்கைக் கணக்கில் ஆயருக்கு விலக்கு இல்லை. உபாகமம் 14 இன்னும் ஒரு படி போகிறது. மூன்றாம் வருடத்துத் தசமபாகத்தை ஊருக்குள்ளேயே வைத்து, லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியாகட்டும் என்கிறது. ஊழியரும் ஏழையும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். நம் சபை வரவு செலவுத் திட்டங்களில் அந்த வரிசை எப்போது கலைந்தது என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நெகேமியா 13 சாட்சி. லேவியருக்குரிய பங்கு வரவில்லை, பாடகரும் பணிவிடைக்காரரும் அவரவர் வயலைப் பார்த்து ஓடிப்போனார்கள், ஆலயம் வெறிச்சோடிற்று. நெகேமியா என்ன செய்தார்? அதிகாரிகளைக் கடிந்துகொண்டார், ஓடிப்போனவர்களைக் கூட்டிவந்தார், பிறகு உண்மையுள்ளவர்கள் என்று பெயரெடுத்தவர்களைப் பொக்கிஷ அறைகளுக்குப் பொறுப்பாக வைத்துப் பங்கிடச் சொன்னார். அந்த நல்ல கணக்கரும் கடவுள் தந்த பராமரிப்பின் ஒரு பகுதிதான்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். 1853இல் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் என்ற ஸ்கடர் சகோதரர்கள் அமெரிக்கச் சீர்திருத்தச் சபையின் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தையொட்டி இந்தப் பகுதியில் ஆயிரக்கணக்கானவர்கள் சபையில் சேர்ந்தார்கள். பெரும்பாலும் நிலமில்லாத கூலிக்காரர்கள், சேரிகளில் ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள். அவர்களால் உபதேசியாருக்கு என்ன சம்பளம் கொடுக்க முடியும்? மிஷன் கொடுத்தது. கடல் கடந்து முகம் தெரியாத மனிதர்கள் போட்ட காணிக்கை, குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் உபதேசியார் வீட்டு அடுப்பை எரியவைத்தது. இங்கே ஆம்பூரில் லுத்தரன் மிஷனரிகள் வந்தார்கள், கன்கார்டியா பள்ளி எழும்பிற்று, பெதஸ்தா மருத்துவமனை எழும்பிற்று. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒரு கட்டில் போட்டு வைத்தியம் தொடங்கினார். நியூயார்க்கில் ஷெல் என்ற செல்வந்தர் தம் மனைவியின் நினைவாகத் தந்த 10,000 டாலரில் 1902இல் மருத்துவமனை திறந்தது. இதையெல்லாம் நன்றியோடு சொல்கிறேன். அந்த மருத்துவமனையிலிருந்து வளர்ந்த சிஎம்சியின் வாசலில் பிழைத்துவந்த குடும்பம் எதுவும் இந்த நன்றியைக் குறைவாகச் சொல்லாது.

ஆனால் அதற்கும் முன்னால், இங்கிருந்து வெகு தூரமில்லாத சித்தூரில் ஒருவர் வேறொரு வழியைச் சோதித்துப் பார்த்தார். அவரைப் பற்றி இந்தப் பகுதி விசுவாசிகளிலேயே பலருக்குத் தெரியாது. அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ். இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் நல்ல வருமானமுள்ள பல் மருத்துவர். விசுவாசி தன் சம்பாத்தியத்தைச் சேர்த்துவைக்காமல் கடவுளை நம்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று 1825இல் ஒரு சிறுநூல் எழுதினார். எழுதியபடி வாழவும் துணிந்தார். எந்தச் சங்கத்தின் சம்பளமும் இல்லாமல் குடும்பத்தோடு பாக்தாத்துக்குப் போனார். 1831இல் அங்கே வந்த கொள்ளைநோயில் மனைவியைப் பறிகொடுத்தார். பின்பு இந்தியாவுக்கு வந்து, அப்போது வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்த சித்தூரில் குடியேறினார். பிரிஸ்டலில் யாரிடமும் கேட்காமல் ஜெபத்தையே நம்பி அநாதை இல்லம் நடத்திய ஜார்ஜ் முல்லர் இவருடைய தங்கையின் கணவர். ‘விசுவாச ஊழியம்’ என்று நாம் இன்று சொல்கிற முறைக்கு உலக அளவில் வித்திட்டவர்களில் குரோவ்ஸ் ஒருவர்.

சித்தூரில் அவர் சும்மா இருந்து ஜெபித்துக்கொண்டிருக்கவில்லை. நிலம் வாங்கிப் பயிர் செய்தார், பட்டுத் தொழிலும் செய்து பார்த்தார். ஊழியக்காரர்கள் உழைத்துத் தங்களைத் தாங்கிக்கொள்ள வேண்டும், பவுல் கூடாரம் செய்ததுபோல, என்பது அவர் எண்ணம். பட்டுத் தொழிலில் நஷ்டம் வந்தது, கடன் வந்தது. விசுவாச வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கடனைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நான் சொல்கிறேன். கடவுளை நம்பினவரின் தொழிலும் நொடிக்கலாம். நம்பிக்கை வியாபாரத்துக்குக் காப்பீடு ஆகாது. 1853இல் அவர் முல்லரின் வீட்டில் கண்மூடினார். ஸ்கடர் சகோதரர்கள் ஆற்காடு மிஷனைத் தொடங்கியதும் அதே வருடம்தான்.

குரோவ்ஸிடம் கற்றுக்கொண்ட தமிழர் ஒருவர் உண்டு. ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். 1810இல் பிறந்தவர், திருநெல்வேலியில் மிஷனரி ரேனியுஸ் ஐயரிடம் பயிற்சி பெற்றவர். பிற்காலத்தில் தெற்கே கிறிஸ்தியான்பேட்டை என்ற குடியிருப்பை உண்டாக்கியவர், 1860இல் அந்தப் பகுதியில் எழுந்த எழுப்புதலின் நடுவில் நின்றவர். சம்பளம் ஏற்றுக்கொள்ளும்படி குரோவ்ஸ் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். காரணம் என்ன சொன்னார் தெரியுமா? கூலிக்குப் பேசுகிறான் என்று ஜனங்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள் என்றார். சம்பளம் எங்கிருந்து வருகிறதோ அங்கே ஊழியரின் நாக்கு கட்டுப்படும் என்பது அந்தத் தமிழருக்குத் தெரிந்திருந்தது. என் பேச்சு முழுவதற்கும் இவர் சொன்ன காரணமே ஆதாரம்.

திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912இல் தோர்ணக்கல் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். அவருடைய மந்தை மாலா, மாதிகா மக்கள். மாதிகா என்றால் தெலுங்கு நாட்டில் தோல் வேலையோடு கட்டிவைக்கப்பட்ட சாதி. அவ்வளவு ஏழைகளிடம் காணிக்கை கேட்கலாமா என்று தயங்கினவர்கள் உண்டு. அசரியா தயங்கவில்லை. கொடுப்பது ஏழையின் கௌரவம் என்று போதித்தார், கிறிஸ்தவக் கொடையைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். தானியமும் கோழியும் முட்டையும் காணிக்கையாக வந்தன. வாங்கிக்கொள்கிறவனாகவே வைக்கப்பட்டவன் கொடுக்கிறவனாக ஆலயத்தில் நடந்து வருவது சிறிய மாற்றம் அல்ல.

இந்தப் பகுதியில் அதற்குச் சமமானது கைப்பிடி அரிசி. உங்களில் மூத்த தாய்மாருக்குத் தெரியும். உலை கொதித்ததும் அரிசியைக் களைந்து போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிச்சட்டியில் போட்டு மூடிவைப்பது. சோறு குறைவான நாளிலும் அந்தக் கைப்பிடி தவறாது. ஞாயிற்றுக்கிழமை அந்தச் சட்டி அரிசி துணிப்பையில் கோயிலுக்கு வரும். பல வீட்டு அரிசி ஒரே கூடையில் சேரும். பச்சரிசியும் புழுங்கலரிசியும் ரேஷன் அரிசியும் கலந்து கிடக்கும். உபதேசியார் வீட்டில் அந்தக் கலப்பரிசிதான் பொங்கும். அது சரியாக வேகாது; ஒன்று குழைந்தால் ஒன்று விறைத்து நிற்கும். ஆனால் அந்தச் சோற்றைத் தின்றவருக்கு எந்த வீட்டில் இந்த வாரம் அரிசி வரவில்லை என்பது தெரிந்துவிடும். வரவில்லையென்றால் போய் விசாரிப்பார். இன்று கவரில் ரூபாய் போடுகிறோம். கைப்பிடி அரிசி செய்த அந்த விசாரணையைக் கவர் செய்வதில்லை.

பவுலிடம் வருவோம். கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரத் தொழில் செய்தார் என்று அப்போஸ்தலர் 18 சொல்கிறது. அந்தக் கூடாரம் ஆட்டுமயிர்த் துணியா, தோலா என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். ஆதித் திருச்சபைப் பிதாக்களில் சிலர் அவரைத் தோல் வேலைக்காரர் என்றே எழுதியிருக்கிறார்கள். எதுவானாலும் ஊசியும் கத்தியும் பிடித்துக் காய்ப்பு விழுந்த கை அது. அந்தக் கொரிந்தியருக்கே எழுதிய முதல் நிருபம் 9ஆம் அதிகாரத்தில் அவர் இரண்டு காரியங்களைச் சேர்த்துச் சொல்கிறார். போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டக் கூடாது என்ற மோசேயின் சட்டத்தை எடுத்துக்காட்டி, சுவிசேஷத்தை அறிவிக்கிறவர் அதனாலே பிழைக்க உரிமை உண்டு என்று வாதாடுகிறார். உடனே, அந்த உரிமையை நான் பயன்படுத்தவில்லை என்கிறார். முதல் பாதியை மட்டும் ஆயர்கள் பேசுவதும், இரண்டாம் பாதியை மட்டும் சபைக் கமிட்டிகள் பேசுவதும் சரியல்ல. உரிமை உண்டு, அதை விட்டுக்கொடுப்பது ஊழியர் தாமாக எடுக்க வேண்டிய முடிவு. சபை அவரை அதற்கு நெருக்கக் கூடாது.

என் தேவன் உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார் என்ற கருத்துடைய பிலிப்பியர் 4ஆம் அதிகாரத்து வசனம் நம் வீடுகளில் காலண்டராகத் தொங்குகிறது. அது யாருக்கு எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துத் தொங்கவிட்டால் நல்லது. சிறையிலிருந்த பவுலுக்கு எப்பாப்பிரோதீத்து என்ற ஆளின் கையில் உதவி கொடுத்தனுப்பிய சபைக்கு எழுதியது அது. பிலிப்பி மக்கெதோனியாவில் இருக்கிறது. அந்த நாட்டுச் சபைகள் கொடிய தரித்திரத்தில் இருந்துகொண்டே கொடுத்தன என்று 2 கொரிந்தியர் 8 சொல்கிறது. கொண்டுபோன எப்பாப்பிரோதீத்துவோ மரணத்துக்குச் சமீபமாக நோயில் விழுந்தார். இல்லாதவர்கள் கொடுத்தார்கள், கொண்டுபோனவர் உயிரைப் பணயம் வைத்தார், வாங்கியவர் சிறையில் இருந்தார். அந்த மூன்று பேருக்கும் நடுவில்தான் அந்த வாக்குறுதி நிற்கிறது.

மல்கியா 3ஆம் அதிகாரம் 10ஆம் வசனம் உங்களுக்கு மனப்பாடம். தசமபாகங்களைப் பண்டசாலைக்குக் கொண்டுவந்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும் என்கிற வசனம். விதைக் காணிக்கை கேட்கிறவர்கள் இதை விடமாட்டார்கள். தொலைக்காட்சியில் வங்கிக் கணக்கு எண்ணோடு சேர்த்து ஓடவிடுகிறார்கள். ஐந்து வசனம் மேலே போங்கள். அதே அதிகாரத்தின் 5ஆம் வசனத்தில், கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கும், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களுக்கும், அந்நியனுக்கு அநியாயம் செய்கிறவர்களுக்கும் விரோதமாகத் தாமே சாட்சியாக வந்து நிற்பதாகக் கடவுள் அறிவிக்கிறார். தசமபாகம் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டு அதில் பத்தில் ஒன்றைக் கொண்டுவந்து பீடத்தில் வைக்கிறவருக்குப் பலகணி திறக்கும் என்று மல்கியா சொல்லவில்லை. யாக்கோபு 5ஆம் அதிகாரத்தில் கொடுக்காமல் பிடித்த கூலியே கூக்குரலிடுகிறது.

இந்த வசனத்தை வைத்துக்கொண்டு நம் தெருக்களில் நடந்து பாருங்கள். ஷூ கம்பெனிகளின் தையல் பிரிவில் பெரும்பாலும் பெண்கள். பேர்ணாம்பட்டிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் விடியற்காலையில் சோற்று டப்பாவோடு பஸ் ஏறுகிறார்கள். அவர்களுக்காவது பி.எஃப். உண்டு, இ.எஸ்.ஐ. உண்டு. வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கிற பெண்ணைப் பாருங்கள். ஏஜெண்டு மூட்டையாகக் கொண்டுவந்து போடுகிறார், ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. வாசல் வெளிச்சத்தில் குனிந்து, தடித்த தோலில் ஊசியைக் குத்தி, நூலை இரண்டு கையாலும் இழுத்து இறுக்குகிறார். சுண்டுவிரல் மடிப்பில் நூல் அறுத்த கோடு இருக்கும். அதன்மேல் துணி சுற்றியிருக்கும். ஊசி உடைந்தால் அவர் செலவு. கரண்டு போனால் அவர் நேரம். பி.எஃப். கிடையாது, அடையாள அட்டை கிடையாது. எந்தக் கம்பெனிக்கு, எந்த நாட்டுக்கு அந்த ஷூ போகிறது என்பதும் அவருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அதே விரல்கள் காணிக்கைப் பையில் நோட்டை மடித்துப் போடுகின்றன. ஆயரின் சம்பளத்தில் அந்த நோட்டு இருக்கிறது.

அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரம் ஒரு சிறு தகவலோடு முடிகிறது. பேதுரு யோப்பா பட்டணத்தில் தோல் பதனிடுகிற சீமோன் வீட்டில் அநேக நாள் தங்கினார். இந்தத் தகவல் யூதருக்கு எவ்வளவு உறுத்தியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுடைய மரபுச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், தோல் பதனிடும் இடம் ஊரிலிருந்து ஐம்பது முழம் தள்ளி, கிழக்குப் பக்கம் மட்டுமே இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. தோல் பதனிடுகிற கணவனோடு வாழ முடியாது என்று மனைவி கேட்டால் மணவிலக்குக் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. தோலைத் தொட்டவரை ஊருக்கு வெளியே நிறுத்துவதில் அவர்களும் நம் நாட்டாரும் ஒன்று. சீமோன் வீடும் கடலோரத்தில்தான் இருந்தது.

அந்த வீட்டு மாடியில் பேதுரு ஜெபிக்கப் போகிறார். மத்தியான வேளை, பசி. கீழே சமையல் நடந்துகொண்டிருக்கிறது. அந்தச் சமையல் முடிவதற்குள்தான் வானம் திறந்து, நான்கு முனையும் கட்டிய துப்பட்டி இறங்கி, கடவுள் சுத்தமாக்கினதைத் தீட்டு என்று சொல்லாதே என்ற குரல் கேட்கிறது. அந்தத் தரிசனத்தில்தான் புறஜாதியாருக்குச் சபையின் கதவு திறந்தது. நாம் உள்ளே வந்த கதவு அது. அப்போஸ்தலன் அந்தக் குரலைக் கேட்டபோது அவருக்காக ஒரு டேனரிக்காரர் வீட்டு அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. பல நாள் அந்த வீட்டில் சாப்பிட்டுப் பழகியிருந்ததால்தான் அந்தக் குரல் அவருக்குப் புரியக்கூடியதாக இருந்தது என்று நான் நம்புகிறேன். வேளாவேளைக்குச் சோறு போட்ட வீடு, ஊழியருக்கு வேதமும் கற்றுக்கொடுத்தது. இவ்வளவு வாசித்த பிறகும் நம் கல்லறைத் தோட்டங்களில் சாதி பார்க்கிறோம் என்றால் பேதுரு கேட்ட குரலை நாம் இன்னும் கேட்கவில்லை.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இந்த ஊரில் கடவுளின் பராமரிப்பைப் பேச முடியாது. எசேக்கியேல் 34 மேய்ப்பர்களைப் பற்றிய அதிகாரம். மந்தையை மேய்க்காமல் தங்களையே மேய்த்துக்கொண்டு, கொழுப்பைத் தின்று ஆட்டுமயிரை உடுத்துகிறவர்களை அது உலுக்கி எடுக்கிறது. குருக்கள் பட்டாபிஷேகங்களில் அடிக்கடி வாசிக்கப்படும் பகுதி. 17ஆம் வசனத்தில் பேச்சு ஆடுகள் பக்கம் திரும்புகிறது. தெளிந்த தண்ணீரைக் குடித்துவிட்டு மீதியைக் காலால் கலக்கிவிடுகிறீர்களே, என் ஆடுகள் நீங்கள் கலக்கியதைக் குடிக்க வேண்டுமா என்று கேட்கிறது. கெட்ட மேய்ப்பனும் கெட்ட தண்ணீரும் ஒரே அதிகாரத்தில் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலம் போய்க் குரோமியம் வந்தபின் பாலாற்றுக்கு நேர்ந்ததை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள். வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று 1991இல் உச்ச நீதிமன்றம் போயிற்று. 1996 ஆகஸ்டு 28இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமல் போயிற்று என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கு அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்திய மண்ணின் சட்டமாக அந்தத் தீர்ப்பு நிலைநிறுத்திற்று. 2015 ஜனவரி 31 விடியுமுன் இராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் தோல் கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். உபாகமம் லேவியனோடு பந்தியில் உட்காரவைத்த பரதேசி யார் என்று கேட்டால், நம் ஊரில் அவர்கள்தான். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்று வழக்கில் இழப்பீட்டுக்கும் சீரமைப்புக்கும் உத்தரவிட்டிருக்கிறது. மூன்று தசாப்தங்களாக நீதிமன்றம் பேசுகிறது. நம் பிரசங்க பீடங்கள் இதைப் பற்றி எத்தனை ஞாயிறு பேசின?

தொழில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தத் தொழிலால்தான் இங்கே பிள்ளைகள் படித்தார்கள், பெண்கள் கையில் சொந்தக் காசு வந்தது. தோலை ஒதுக்கிவைத்த நாட்டில் தோல் நமக்குச் சோறு போட்டது. அந்தச் சோற்றில் பங்கு வாங்குகிற சபை, அந்தச் சோறு வந்த வழியைக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது.

ஆயர்களின் கஷ்டமும் எனக்குத் தெரியும். 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்து விதவை, தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவரின் மனைவி. கணவர் கடவுளுக்குப் பயந்தவர். கடன் வைத்துவிட்டுச் செத்தார். கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். ஊழியக்காரர் குடும்பத்துக் கடன் வேதத்திலேயே இருக்கிறது. ஓய்வுபெற்று மிஷன் வீட்டைக் காலி செய்யும் நாளில் சொந்தமாக ஒரு குடிசைகூட இல்லாத உபதேசியார்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். எலிசா அந்தப் பெண்ணிடம் அயல்வீட்டாரிடம் போய்க் காலிப் பாத்திரங்கள் வாங்கிவரச் சொன்னார். எண்ணெய் பெருகிற்று, ஆனால் அயலார் இரவல் கொடுத்த பாத்திரங்கள் இருந்த அளவுக்குத்தான் பெருகிற்று. பாத்திரம் முடிந்ததும் எண்ணெய் நின்றது.

இங்கே வந்திருக்கும் சேகரச் செயலாளர்களிடமும் பொருளாளர்களிடமும் நேராகவே கேட்கிறேன். அடுத்த வரவு செலவுத் திட்டம் போட உட்காரும்போது மூன்று காரியங்களை எழுதுங்கள். உபதேசியாருக்கும் கோயில் பணியாளரான கோயில்குட்டியாருக்கும் பி.எஃப். கட்டுங்கள், ஆயர் விதவைகளுக்கு மாதாமாதம் போய்ச் சேரும் ஒரு தொகையை வையுங்கள், வருட வருமானத்தில் ஒரு பங்கை வீட்டில் அப்பர் தைக்கிற பெண்களுக்கும் வெளிமாநிலத் தொழிலாளருக்கும் ஒதுக்குங்கள், அவர்கள் எந்த மதமானாலும். கணக்கை ஞாயிறு ஆராதனையில் எல்லோர் முன்னும் வாசியுங்கள்.

பெரிய நன்கொடை வரும்போது, மணிக்கூண்டு கட்டவோ பளிங்கு பதிக்கவோ ஒரே கையிலிருந்து லட்சக்கணக்கில் வரும்போது, கமிட்டி அவரிடம் ஒரு கேள்வி கேட்கட்டும்: ஐயா, உங்களிடம் வேலை செய்கிறவர்களின் கூலிப் பாக்கி எல்லாம் தீர்ந்ததா? ஆயர் இந்தக் கேள்வியைத் தைரியமாகக் கேட்க வேண்டுமென்றால் அவருடைய சம்பளம் அந்த ஒருவர் தயவில் நிற்கக் கூடாது. ஜோடிக்கு இவ்வளவு என்று தைத்த பெண்கள் மடித்துப் போடுகிற நூறு இருநூறு நோட்டுகள் சேர்ந்து அது நிறைய வேண்டும். அருளப்பன் பயந்த கட்டு அவர் நாக்கில் விழாமல் இருக்க நான் அறிந்த வழி இது ஒன்றுதான். இந்த மாதக் கமிட்டிக் கூட்டத்திலேயே இதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.